ஒகாவா உசென்: ஏரிக்கரையில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்து வரைந்தவர்

நாணல்மேடு:
ஜப்பானிய மை ஓவியம் என்றாலே மலை, மூடுபனி, மூங்கில், ஓடத்தில் தனியாக ஒரு கிழவர், இவ்வளவுதான் நாம் பேசுகிறோம். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் வேலை விஷயமாக இபராகி மாகாணத்தில் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்குவது போல மீதோ நகரில் இருக்கும் மாகாண நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குள் போனேன், அங்கே ஒகாவா உசென் (1868–1938) படங்களைப் பார்த்துவிட்டு மாலை கதவு சாத்தும் வரை வெளியே வர மனசு வரவில்லை. தமிழில் இவரைப் பற்றி எதுவும் என் கண்ணில் படாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உஷிகு என்ற சின்ன சமஸ்தானத்துச் சாமுராய் குடும்பம். பிறந்தது எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், அந்தச் சமஸ்தானத்தின் மாளிகை வளாகத்தில். 1871-இல் சமஸ்தானங்களை ஒழித்தார்கள், அதோடு குடும்பத்துக்கு இருந்த பிழைப்பும் போனது, உஷிகு சதுப்பேரிக் கரையில் ஒரு கிராமத்துக்கு வந்து மண்வெட்டி பிடித்தார்கள். பையன் தோக்கியோவுக்குத் திரும்பிப் போய்க் கடையில் வேலை பார்த்தான், அப்புறம் ஹோண்டா கின்கிச்சிரோவின் பட்டறையில் மேற்கத்திய பாணிச் சித்திரம் கற்றான், பத்திரிகைகளுக்குப் படம் போட்டான். 1893-இல் அப்பா கூப்பிட்டுவிட்டார், ஊருக்கு வந்து நிலத்தைப் பார் என்று. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் அந்த ஏரிக்கரைதான் அவருக்கு வீடு. பயணங்கள் நிறையப் போனார், ஆனால் திரும்பி வந்தது அங்கேதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் படங்களில் இருக்கும் ஈரம். வயல், வரப்பு, கோரை, மீன், தவளை, தலையில் முண்டாசு கட்டிய ஆள், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்ட பெண், எல்லாமே இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்தது போல இருக்கும். உழைக்கிறவர்களை இவ்வளவு பக்கத்தில் நின்று மையில் வரைந்த இன்னொருவரை எனக்குத் தெரியாது.

மசிக்கல்:
நல்ல தொடக்கம். நான் ஆறேழு வருஷமாக மை ஓவியம் பழகுகிறேன், அந்த ஈரம் எப்படி வருகிறது என்று கைவேலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஜப்பானிய மைக்கட்டி செய்வதற்கு வேண்டியது இரண்டே பொருள், புகைக்கரியும் வஜ்ஜிரப் பசையும். தச்சர்கள் பலகை ஒட்டக் காய்ச்சுவார்களே, அதே வகைத் தோல் எலும்புப் பசைதான். எண்ணெய் விளக்கின் புகையில் பிடித்த கரி கொஞ்சம் பழுப்புச் சாயல் காட்டும். பைன் மரத்தை எரித்துப் பிடித்த கரி நீர் விட்டு இளக்கும்போது நீலச் சாயல் கொடுக்கும். இதைக் கல்லில் தண்ணீர் விட்டு மெதுவாக உரைக்க வேண்டும், அவசரப்பட்டால் மை திரிதிரியாகப் போய்விடும்.

அப்புறம் காகிதம். படிகாரமும் பசையும் கரைத்த நீரைப் பூசிய காகிதத்தில் மை போட்ட இடத்தில் நிற்கும், நுணுக்கமான கோட்டு வேலைக்கு அது. பூசாத காகிதத்தில் மை தன் பாட்டுக்குப் பரவும், இந்தப் பரவலை அவர்கள் நிஜிமி என்கிறார்கள். தூரிகையில் ஈரம் தீரும்போது இழை இழையாக வெள்ளை தெரிவது கசுரே. உசெனின் நல்ல படங்களில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: ஏரித் தண்ணீர் முழுக்கப் பரவல், அதிலிருந்து எழும் நாணல் தண்டு வறண்ட கோடு. ஒரு முறை வைத்த மையை அழிக்க முடியாது. அவர் மனிதர்களின் முழங்காலும் இடுப்பு வளைவும் ஒரே இழுப்பில் சரியாக விழுகின்றன என்றால், அது பத்திரிகைக்காக நாள்தோறும் வரைந்து வரைந்து வந்த கை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அகல்விளக்கு:
கேள்வி. உசென் என்பது அவர் உண்மைப் பெயரா? ஜப்பானிய மொழி கொஞ்சம் படிக்கிறேன், அந்த எழுத்துகளைப் பார்த்தால் கிழங்கு, காசு என்று வருகிறதே?

நாணல்மேடு:
சரியாகப் பிடித்தீர்கள் அகல்விளக்கு. அது புனைபெயர், கிழங்குக் காசு என்றே பொருள். வேர் பதினான்காம் நூற்றாண்டில் இருக்கிறது. யோஷிதா கென்கோ என்ற துறவி எழுதிய உதிரிக் குறிப்புகளில் ஜோஷின் என்று ஒரு பெரிய படிப்பாளித் துறவியைப் பற்றி ஒரு பகுதி வரும். அந்த ஆளுக்குச் சேப்பங்கிழங்கு என்றால் உயிர், அதிலும் தாய்க்கிழங்கு. பாடம் சொல்லும்போதே முழங்காலுக்குப் பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் குவித்து வைத்துத் தின்றுகொண்டே சொல்வார். உடம்பு சரியில்லை என்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் அறைக்குள் இருந்து நல்ல கிழங்காகப் பார்த்துச் சாப்பிட்டே குணப்படுத்திக்கொள்வார். பரம ஏழை. அவருடைய குரு சாகும்போது 200 கான் காசும் ஒரு வீடும் விட்டுப் போனார். வீட்டை 100 கானுக்கு விற்று, ஆக மொத்தம் 300 கானையும் கிழங்குக்கென்றே ஒதுக்கி, கியோத்தோவில் ஒருவரிடம் கொடுத்து வைத்து, பத்துப் பத்தாக வாங்கிக் கிழங்கிலேயே தீர்த்தார்.

தன் படங்கள் கிழங்கு வாங்கும் அளவுக்குக் காசு கொடுத்தால் போதும் என்பதுதான் உசென் அந்தப் பெயரை எடுத்ததன் கருத்து. நம் ஊரில் சேப்பங்கிழங்கை வறுவலோ புளிக்குழம்போ வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.

பொன்வரப்பு:
எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். நான் விவசாயக் குடும்பத்துப் பெண், நடவுக்கும் களைக்கும் போய் வளர்ந்தவள். அப்பா நிலத்தைப் பார் என்று கூப்பிட்டார் என்கிறீர்கள். நிலத்தை யார் பார்த்தது? நாற்பத்தைந்து வருஷம் ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார் என்றால் அந்த வீட்டில் வேறு யாரோ சேற்றில் நின்றிருக்க வேண்டும் இல்லையா? கிராம வாழ்க்கையை வரைந்தவர் என்று புகழும்போது அந்த ஆளின் பெயர் ஏன் முதல் பதிவில் இல்லை?

நாணல்மேடு:
நியாயமான கேள்வி அக்கா, முதல் பதிவில் நான் விட்டது தப்பு. அவர் பெயர் கோ. உசெனின் மனைவி, 1895-இல் கல்யாணம். கணவருக்குப் படம்தான் வாழ்க்கை என்று தெரிந்ததும் வயல் வேலையைப் பெரும்பாலும் அவரே எடுத்துக்கொண்டார், மாமனார் மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு. பல வருஷம் அந்தக் குடும்பம் சாப்பிட்டது கோ விளைவித்ததைத்தான். உசென் பேர் சொல்லும் ஓவியராக ஆனது 1917-இல், ஜப்பான் கலைக் கழகம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட பிறகு. அப்போது அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. கல்யாணத்துக்கும் அதற்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷம்.

பொன்வரப்பு:
இருபத்திரண்டு வருஷ நடவு, அறுவடை. சரி, சொன்னதற்கு நன்றி. இப்போது அவர் படத்தில் குனிந்து நிற்கும் பெண்களை நான் வேறு மாதிரிப் பார்ப்பேன். கேலியாகவோ குறையாகவோ சொல்லவில்லை. அந்த முதுகு வளைவு அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவர் வீட்டிலேயே இருந்தது, அவ்வளவுதான் என் கருத்து.

பழந்தாள்:
இந்த இடத்தில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு பகுதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் உசெனைப் பேசினால் வெறும் இயற்கை ரசிகராக்கிவிடுவோம். 1903 நவம்பரில் சோசலிஸ்டுகளான கோத்தோக்கு ஷூசுயியும் சக்காய் தோஷிஹிக்கோவும் ஹெய்மின் ஷிம்புன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். சாமானியர் செய்தித்தாள் என்று பொருள். ஊரே போர் வெறியில் இருந்தபோது ரஷ்யாவோடு போர் வேண்டாம் என்று எழுதிய பத்திரிகை அது. கம்யூனிஸ்ட் அறிக்கை ஜப்பானிய மொழியில் முதலில் வந்தது அதன் 53-ஆம் இதழில்தான், அந்த இதழை விற்கவே தடை போட்டார்கள். 1905 ஜனவரியில் கடைசி இதழைச் சிவப்பு மையில் அச்சடித்துவிட்டு மூடினார்கள். இந்தக் குழுவினரின் பத்திரிகைகளுக்கு ஏரிக்கரையிலிருந்து கேலிச்சித்திரம் அனுப்பிக்கொண்டிருந்தவர் உசென்.

ஏன் என்பதற்குக் கிராமத்திலேயே பதில் இருக்கிறது. 1873 நிலவரிச் சீர்திருத்தத்துக்கு முன் விளைச்சலில் பங்காக நெல் அளந்தார்கள். அதற்குப் பிறகு நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று, ரொக்கமாக, விளைந்தாலும் விளையாவிட்டாலும். எதிர்ப்பு வந்து 1877-இல் இரண்டரையாகக் குறைத்தார்கள், அப்படியும் நெல் விலை விழுந்த வருஷங்களில் நிலத்தை இழந்து குத்தகைக்காரர் ஆனவர்கள் ஏராளம். சாமுராய் வீட்டுப் பிள்ளை என்ற பேரோடு அந்த மக்களுக்கு நடுவில் வந்து விழுந்தவருக்கு இது கண்ணில் படாமல் போகுமா? கோத்தோக்கு 1911-இல் தேசத்துரோக வழக்கில் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகு உசெனின் படங்களில் நேரடி அரசியல் குறைந்து, நீரும் மாய உருவங்களும் கூடுகின்றன. பயமா, களைப்பா, அல்லது வேறு வழியில் அதையே சொன்னாரா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் குனிந்து வேலை செய்கிறவனிடம் இருந்த அன்பு கடைசி வரை மாறவில்லை என்பது படங்களிலேயே தெரிகிறது.

அகல்விளக்கு:
மாய உருவங்கள் என்றால் கப்பாதானே? நானும் தேடிப் பார்த்தேன், கப்பா உசென் என்றே அவரைச் சொல்கிறார்கள். குழந்தைப் பொம்மை மாதிரி இருக்கும் அந்த உருவம் ஒரு பெரிய ஓவியரை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று புரியவில்லை.

நாணல்மேடு:
இன்றைக்குக் கடைகளில் விற்கும் பச்சைப் பொம்மையை மறந்துவிட்டுப் பாருங்கள். கப்பா என்பது நீர்நிலையில் இருக்கும் பிள்ளை உயரப் பிராணி, உச்சந்தலையில் ஒரு குழி, அதில் தண்ணீர். அந்தத் தண்ணீர் கொட்டிவிட்டால் பலம் போய்விடும். வெள்ளரிக்காய் பிடிக்கும். ஆற்றுக்கு வரும் குதிரையையும் குளிக்கும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரியாத பிள்ளைகள் கரைக்குப் போகாதிருக்கப் பெரியவர்கள் சொன்ன பயம் அது, ஏரி ஒவ்வொரு வருஷமும் யாரையாவது எடுத்துக்கொண்ட ஊர்களின் கதை. உஷிகு பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு: அட்டகாசம் செய்த கப்பாவைப் பிடித்துப் பைன் மரத்தில் கட்டிப்போட்டார்களாம், அது அழுது மன்னிப்புக் கேட்டதும் அவிழ்த்துவிட்டார்களாம்.

உசென் வரையும் கப்பாக்கள் மெலிந்திருக்கும், சிலது சோர்ந்திருக்கும், சிலது நிலா பார்த்துக்கொண்டிருக்கும். அவை ஊர்க்காரர்களைப் போலவே இருக்கின்றன, பக்கத்து வீட்டு ஆள் போல. அவர் வாழ்நாளின் கடைசியில், 1938-இல், கப்பா படங்கள் நூறு சேர்ந்து தொகுதியாக வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 17-இல் காலமானார்.

மசிக்கல்:
கப்பா விஷயத்தில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு, தூரிகை பிடிக்கிறவன் என்பதால் தோன்றியிருக்கலாம். பூசாத காகிதத்தில் மை உயிரோடு இருப்பது ஈரம் காயும் வரைதான். தலைக்குழியில் தண்ணீர் இருக்கும் வரை வாழும் பிராணியை வரைய அதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடையாது. அதன் உடம்பின் ஓரத்தை அவர் பல இடங்களில் கோடு போட்டு மூடுவதில்லை, பரவலாகவே விட்டுவிடுகிறார், எது தண்ணீர் எது தோல் என்று பிரிக்க முடியாது.

1923-இல் வரைந்த நீர்மாயங்களின் விளையாட்டு என்ற படத்தை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? ஜப்பானியத் தலைப்பு சுய்மிகி.

நாணல்மேடு:
பார்த்தேன், மீதோவில் நான் நகராமல் நின்றது அதன் முன்னால்தான். முதலில் மங்கலான நீர் மட்டும் தெரியும். கண் பழகப் பழக அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவங்கள் வரும். அருகில் போனால் மறுபடி கரைந்துவிடும். அந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அது வைக்கப்பட்ட கழகக் கண்காட்சி தோக்கியோவில் திறந்த நாள் 1923 செப்டம்பர் 1. அன்று பகல் 11.58-க்குத்தான் கான்தோ பெருநிலநடுக்கம். ஓவியர் யோக்கோயாமா தைக்கானின் நாற்பது மீட்டர் நீள மைச் சுருள் ஓவியமும் அன்று அதே கண்காட்சியில் இருந்தது, அதுவும் தப்பியது. நகரம் எரிந்துகொண்டிருந்த நாளில் ஒரு சதுப்பேரியின் ஈரம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

பழந்தாள்:
தைக்கான் பேர் வந்ததால் ஒரு சின்ன கிளைச் செய்தி. உசெனைக் கழகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் தைக்கான் முக்கியமானவர், 1915-இல் தொடங்கிய சங்கோகாய் என்ற குழுவின் கண்காட்சியில் இவர் படங்களைப் பார்த்துவிட்டு. இதே தைக்கான் 1903-இல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தாரோடு பழகியவர், அந்தக் குடும்பத்து ஓவியர் அபனீந்திரநாத் தண்ணீரில் நனைத்து நனைத்து வண்ணம் கரைக்கும் முறைக்குப் போனதில் அந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. அபனீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான் பிறகு சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக வந்து, மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். சங்கிலி நீளமானது, அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

கோரைப்பாய்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கிராமத்தை வரைந்த ஜப்பானியர் என்றால் கவாய் கியோக்குதோவை (1873–1957) விட்டுவிட்டுப் பேச முடியாது. 1940-இல் அவர் வரைந்த மழைத்தூறலில் நனையும் நீராலை, இலையுதிர்கால மரங்கள், குடை பிடித்துப் போகும் பெண்கள், அதைப் பார்த்தால் நீர் சொட்டுவது காதில் கேட்கும். கைத்திறனில் உசென் அவருக்குப் பக்கத்தில் வர முடியாது. உசெனின் பல படங்களில் கோடு ஆடுகிறது, சேர்மானம் நழுவுகிறது. பத்திரிகைப் படக்காரரின் அவசரம் கடைசி வரை போகவில்லை என்றுதான் சொல்வேன்.

மசிக்கல்:
கைத்திறனில் கியோக்குதோ மேலே என்பதை ஒத்துக்கொள்கிறேன், அந்த நீராலைப் படம் ஒரு முழுமை. ஆனால் ஆடும் கோட்டைப் பிழை என்று எடுத்துக்கொள்வதில் உடன்பாடில்லை. கவிஞர்களும் படிப்பாளிகளும் தொழிலாக இல்லாமல் வரைந்த சீனத் தென்மரபு ஜப்பானுக்கு வந்து நங்கா என்று வளர்ந்தது. அந்த மரபில் கோட்டின் வழுவழுப்பை யாரும் தேடுவதில்லை, வரைந்தவரின் மூச்சு தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உசெனும் ஹைக்கூ எழுதியவர், தக்காஹாமா கியோஷியின் ஹோதோதோகிசு ஹைக்கூ இதழுக்குப் படங்கள் போட்டவர். பதினேழு அசைக்குப் பழகிய மனசு படத்திலும் கொஞ்சமாகச் சொல்லி நிறுத்தும்.

பொன்வரப்பு:
கியோக்குதோ படத்தை இப்போதுதான் பார்த்தேன். ரொம்ப அழகு. ஆனால் அந்தப் பெண்கள் சின்னதாகத் தூரத்தில் போகிறார்கள், யாரென்று தெரியாது. ஊருக்கு வெளியே மேட்டில் நின்று பார்ப்பது போல இருக்கிறது. உசென் படத்தில் ஆள் என்னைவிடச் சற்று கீழே, வரப்பில் நான் நிற்கிறேன், அவர் வயலுக்குள் நிற்கிறார். எனக்கு இது போதும்.

கோரைப்பாய்:
அக்கா சொன்ன இந்த வரப்பு விஷயம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. என் கருத்தை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் பார்க்கிறேன். ஒன்று, ஏலத் தளங்களில் உசென் பெயரில் தொங்குசுருள்கள் மலிவாக வருகின்றன, வாங்கலாமா?

நாணல்மேடு:
படம் பிடித்தால் வாங்குங்கள், உசென் என்று நம்பி வாங்காதீர்கள். போலிகள் மிக அதிகம் உள்ள ஓவியர்களில் அவர் ஒருவர். ஆடும் கோடு, கொஞ்சம் மை, ஒரு கப்பா என்றால் போலி செய்வது சுலபம் என்று பலர் அப்போதே நினைத்திருக்கிறார்கள்.

அகல்விளக்கு:
நான் மார்ச்சில் தோக்கியோ போகிறேன். ஏரியைப் பார்க்க முடியுமா?

நாணல்மேடு:
தாராளமாக. தோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து ஜோபன் ரயில் தடத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உஷிகு நிலையம். 1937-இல் கட்டிய அவருடைய ஓவியக்கூடம் உங்யோத்தெய் இன்னும் இருக்கிறது, நினைவகமாக வைத்திருக்கிறார்கள். மேகமும் மீனும் பெயரில் இருக்கும் அந்த வீடு மேட்டில் இருக்கிறது, பக்கத்திலேயே கப்பா நினைவுக்கல். எப்போது திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். விசித்திரம் என்னவென்றால் உஷிகு ஏரி என்று பெயர் இருந்தாலும் அந்த நீர்ப்பரப்பு நிர்வாகத்தில் பக்கத்து ரியூகாசாக்கி நகரத்தைச் சேர்ந்தது. ஏரிக்கரையில் விலாங்கு மீன் சோறு கிடைக்கும், சோற்றின் மேல் விலாங்கு வைத்துத் தரும் பழக்கம் இங்கேதான் பிறந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மார்ச்சில் நடவு பார்க்க முடியாது, வயல் வெறுமையாகத்தான் இருக்கும்.

பொன்வரப்பு:
அகல்விளக்கு தம்பி, போனால் ஒரு உதவி. அந்த நினைவகத்தில் கோ அம்மாவின் படமோ, அவர் வைத்திருந்த வேளாண் கருவி எதுவுமோ இருந்தால் பார்த்து வந்து இங்கே எழுதுங்கள்.

அகல்விளக்கு:
கட்டாயம் அக்கா. முதலில் அதைத்தான் தேடுவேன்.